சத்து மாத்திரை என்று சொன்னார்கள்

எஸ்தர் என்ற பெண்ணின் சாவுக்கு நீங்கள்தான் காரணம், மேனேஜர். இதை உங்கள் முகத்துக்கு நேராக ஒரு முறை சொன்னேன். அன்றைக்கு வாட்ச்மேனைக் கூப்பிட்டீர்கள். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை எந்தக் கேட்டுக்கு வெளியே தள்ளுவீர்கள்?

ஆனால் இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. பனியன் கம்பெனிகளின் முதலுதவி அறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்சுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளே, விரலில் ஊசி ஏறினால் என்ன செய்வது, கட்டிங் மெஷினில் கை மாட்டினால் எங்கே அழுத்திப் பிடிப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ரத்தம் தெரிந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். ரத்தம் தெரியாத நோயோடு ஒருத்தி உங்கள் முன்னால் வந்து உட்காரும்போதுதான் நீங்கள் தனியாக இருப்பீர்கள். அவள் அழுவாள், கத்துவாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள். சூப்பர்வைசர் நடிப்பு என்பார். வார்டன் பேய் என்பார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன முடிவெடுக்கிறீர்கள் என்பதில் ஓர் உயிர் நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தேன். அங்கே செக்கிங்கில் ஒரு பெண். வருஷக்கணக்கில் குறை சொல்ல முடியாமல் வேலை பார்த்தவர் திடீரென்று டேபிளிலேயே தூங்க ஆரம்பித்தார். ஓட்டை விழுந்த துணியைப் பாஸ் பண்ணினார். யார் எது சொன்னாலும் அழுதார். சோம்பேறி என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். வீட்டில் புருஷன் அடித்தார். என்னோடு இருந்த இன்னொரு நர்ஸ்தான் அந்தம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தைராய்டு பார்க்க வைத்தார். கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு பழைய ஆளாகத் திரும்பி வந்தார். ஒருவரின் குணம் மாறிப் போனால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், குணத்தைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு எஸ்தர் விஷயத்தில் பாதி தூரம்தான் உதவியது.

பிறகு வீரபாண்டிப் பக்கம் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு மாறினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆர்டர் கொட்டிய காலம். மேலே ஹாஸ்டல், கீழே தையல் லைன். பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள். எஸ்தரும் அவள் தங்கை ரூபியும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா சின்ன வயதிலேயே செத்துப் போனவர். அப்பா உப்பளத்தில் வேலை. எஸ்தர் இருபதைத் தாண்டியவள், ஓவர்லாக் மெஷினில் கை வேகம். ரூபிக்கு வாய் வேகம்.

தவக்காலத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் முதலுதவி அறைக்கு வந்தார்கள்.

"யக்காவுக்கு வயிறு வலிக்கி சிஸ்டர். ராத்திரியெல்லாம் ஒறங்கல."

"என்ன கண்ணு சாப்பிட்ட?"

"ஒருசந்தி சிஸ்டர். மத்தியானம் ஒரு வேள கஞ்சிதான்" என்றாள் எஸ்தர்.

"சாமி உன்னைப் பட்டினி கெடக்கச் சொல்லுச்சா? நின்னா விழுந்துருவ போல இருக்கற."

"அதெல்லாம் எனக்குப் பழக்கம் சிஸ்டர். இந்தா நிக்காளே, இவதான் வெள்ளிக்கெழமையில கூட முட்ட தின்னுட்டுத் தின்னலன்னு சாதிப்பா."

"யக்கா, போட்டுக் குடுக்காத. அந்த முட்டையில பாதி நீ தின்னிருந்தா இப்ப வலிச்சிருக்காதுல்லா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இலவம்பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. குடல்வால் வலி என்றால் வயிறு கட்டையாக இருக்கும், தொட்டால் துள்ளுவார்கள். இவள் தொடாமலே துடித்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. பட்டினியில் வந்த வலி என்று நினைத்து வலிக்கு மாத்திரை கொடுத்து, சோறு தின்னச் சொல்லி அனுப்பினேன்.

இங்கே இன்னொரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்மெண்ட் நெருங்கினால் லைனில் பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். சூப்பர்வைசர் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, வெறும் மாத்திரையாகக் கையில் வைப்பார். அவர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். சத்து மாத்திரை என்றார்கள். முதலுதவி அறை வழியாக அது வராது. ஒரு தடவை அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "உங்க வேல பஞ்சும் டிஞ்சரும்தானுங்க சிஸ்டர், இது புரொடக்ஷன்" என்றார்கள். சத்து மாத்திரை எப்போதிலிருந்து புரொடக்ஷன் ஆனது என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டேன். பிள்ளைகளே, நீங்கள் அப்படி விடாதீர்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு மாத்திரைகூட உங்கள் கட்டடத்துக்குள் புழங்கக் கூடாது. அதற்காக வேலை போனாலும் போகட்டும்.

எஸ்தருக்கு வலி நிற்கவில்லை. அந்த வாரம் ஹாஸ்டல் வார்டன் சரசு என்னிடம் டீ குடிக்க வந்தபோது வேறு எதையோ பேசிக்கொண்டு இடையில் இதையும் சொன்னார்.

"பாத்ரூமெல்லாம் ஒரே செவப்புங்க சிஸ்டர். தண்ணியும் வாரதில்ல, ஊத்தாம அப்படியே கெடக்குது. மெரூன் துணி லாட்டு ஓடுதுல்லீங்க, புள்ளைக கையக் கால அங்கயே கழுவி உடுதுக."

நானும் தலையாட்டினேன். வேறு ஊராக இருந்தால் கழிவறையில் சிவப்பைப் பார்த்ததும் ஒருத்தராவது பயந்திருப்பார்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் ஒரு நாள் பச்சையாக ஓடும், மறுநாள் ஊதாவாக ஓடும். போர்வெல் தண்ணீரே நிறத்தோடு வரும். பிள்ளைகளின் நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு சாயம் இருக்கும். சிவப்புத் தண்ணீரைப் பார்த்து என்ன ஏது என்று கேட்கும் பழக்கமே இந்த ஊருக்குப் போய்விட்டது. அந்தச் சிவப்பு எஸ்தரின் உடம்பிலிருந்து வந்தது. தரையில் வெயில் பட்டுப் பட்டுச் சிவந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதை மிதித்துத் தாண்டிப் போயிருக்கிறோம்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கண் நிலைகுத்தி நின்றது. என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் நான் பேசுவதை அவள் கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷினு எல்லாம் என் பேரச் சொல்லுது சிஸ்டர். ஒண்ணொண்ணா நிப்பாட்டச் சொல்லுங்க. துணிக்குள்ள யாரோ இருக்காவ."

கீழே மெஷின்கள் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு நிமிடம் அதில் ஒரு பெயர் இருக்கிறதா என்று நானும் காதைக் கொடுத்தேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்.

சரசு கதவோரம் நின்று கையைப் பிசைந்தார். "நாஞ் சொன்னா வெய்யாதீங்க சிஸ்டர். இது காத்துங்க. இவங்கம்மாளும் இப்படித்தான் போனாங்களாமா."

நான் ரூபியைப் பார்த்தேன். எப்போதும் பேசுகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டு நின்றாள். தோளைப் பிடித்து உலுக்கியதும் சொன்னாள்.

"அம்மைக்கும் இதே மாதிரி வயிறு வலிக்கும் சிஸ்டர். அப்புறம் இப்படிப் பேசுவா. கோயில்ல கொண்டுபோயிக் கட்டிப் போட்டாவ. கையும் காலும் வெளங்காமப் போயி அங்கயே செத்துட்டா. பைத்தியக்காரி பிள்ளையோன்னு எங்களச் சொல்லுவாவ. யாருட்டயும் சொல்லிராதிய."

மேனேஜர், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"ஷிப்மெண்ட் வந்தா இதுகளுக்கெல்லாம் ஒரு சீக்கு வந்துருது. பரம்பரைப் பைத்தியம்னு தங்கச்சியே சொல்லுதில்ல? பொழுதோட தூத்துக்குடி பஸ்ல ஏத்தி உட்ருங்க."

"யாருங்க சார் கூடப் போறது?" என்றேன்.

"வார்டன் போகட்டும். சின்னவ மெஷின உட்டு எந்திரிக்கக் கூடாது."

எஸ்தரிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். பிடிக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் விழுந்தது. காலையில் ஓவர்லாக் ஓட்டிய கை அது.

"பைத்தியம் புடிச்சா கை ஏனுங்க சார் செத்துப் போகும்?" என்று கேட்டேன். "இது மண்டையில மட்டும் இருக்கற சீக்கு இல்லீங்க. பஸ்ல ஏத்துனா பாதி வழியிலயே போயிரும். பொணமா எறக்குவாங்க. அப்ப கம்பெனி பேரு என்ன ஆகும்னு பாத்துக்கங்க."

உயிர் என்று சொல்லியிருந்தால் நீங்கள் அசைந்திருக்க மாட்டீர்கள். கம்பெனி பேர் என்றதும் காரை எடுக்கச் சொன்னீர்கள். பிள்ளைகளே, எதைச் சொன்னால் கார் வருமோ அதைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நியாயம் பேசி ஜெயிக்க நிற்காதீர்கள்.

பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார். "ஏதாவது மாத்திரை எடுத்துட்டிருந்தாளா?"

நீங்கள் பதில் சொன்னீர்கள். "சத்து மாத்திரைதானுங்க டாக்டர். அயர்ன். எல்லாத்துக்கும் குடுக்கறதுதான்."

அந்தப் பொய்யை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தப் பொய்யை நம்பி அவர் வைத்தியம் செய்தார். அன்றைக்கே அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்புக்கு வழக்கமாகப் போடும் ஊசியைப் போட்டார்கள். மற்ற யாருக்காவது போட்டிருந்தால் அது சரியான ஊசி. இவளுக்கு அது நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாக ஆனது. கையில் இருந்த பலவீனம் தோளுக்கு ஏறியது. மறுநாள் விடிந்ததும் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள். நான் ஆம்புலன்சில் ஏறினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசாதவர். எஸ்தரின் வயிற்றை அழுத்தினார், கையைத் தூக்கச் சொன்னார், அம்மாவைப் பற்றிக் கேட்டார். நான் ரூபி சொன்னதைச் சொன்னேன். சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி வைத்தார். ஒரு சாம்பிளைப் பரிசோதனைக்கும் அனுப்பினார். பிறகு வேறு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கட்டிலில் ஒருத்தி மூச்சு வாங்குகிறாள், இவர் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுப் போகிறார்.

வெயில் ஏற ஏற அந்த பாட்டில் மாறியது. முதலில் மஞ்சள்தான். பிறகு டீத்தண்ணீர் நிறம். பிறகு நாவல்பழத்தைக் கசக்கிப் பிழிந்த நிறம். யாரும் தொடவில்லை, எதையும் ஊற்றவில்லை. என் கண் முன்னாலேயே மாறியது. எங்கள் பாத்ரூம் தரை ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "போர்ஃபிரியா" என்றார். நான் புரியாமல் விழித்ததும் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் பொருளை உடம்பு ஒரே வேலையாகச் செய்துவிடுவதில்லை. நம் லைன் மாதிரி, ஒருத்தர் செய்து அடுத்தவருக்குத் தள்ளி, அவர் செய்து அதற்கடுத்தவருக்குத் தள்ளி, அப்படித்தான் முடிகிறது. சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த லைனில் ஒரு டெய்லர் மெதுவாகத் தைப்பவர். அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வருவது. லைன் நிதானமாக ஓடும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. பலருக்குச் சாகும்வரை தெரியவே தெரியாது. ஆனால் லைனை யாராவது விரட்டினால் அந்த மெதுவான டெய்லர் முன்னால் பீஸ் குவியும். அப்படிக் குவிகிற சரக்கு நரம்பைத் தாக்கும். வயிறு வலிக்கும், கை கால் சோரும், மூளை குழம்பும், இல்லாத குரல் கேட்கும்.

"எது டாக்டர் விரட்டும்?"

"பட்டினி விரட்டும். சில மருந்து விரட்டும். வலிப்புக்குப் போட்ட அந்த ஊசியும் விரட்டும். முக்கியமா ஹார்மோன். பொம்பளைங்களுக்கு மாசா மாசம் ஏறி எறங்குற ஹார்மோனே சில பேருக்குப் போதும். மாத்திரையா வெளியில இருந்து குடுத்தா கேக்கவே வேண்டாம். இவ என்ன மாத்திரை சாப்ட்டா?"

"சத்து மாத்திரைங்க."

"பேரு?"

பேர் தெரியாது. கீழே இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஹாஸ்டல் நம்பருக்குப் போட்டேன். சரசு எடுத்தார்.

"சரசு, லைன்ல குடுக்கறாங்களே, அது என்ன மாத்திரைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதுங்களா சிஸ்டர்? தீட்டுத் தள்ளிப் போடறதுங்க. நோம்பி சாட்டுனா நாம போடுவமே, அதேதானுங்க. லீவு கேக்காம இருக்கோணும்ல, அதுக்கோசரம். ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் சாதாரணமாகச் சொன்னார். மாரியம்மன் நோம்பி, திருவிழா என்றால் எங்கள் பெண்கள் காலங்காலமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் அது சரசுவுக்கு ஒரு மாத்திரையாகவே தெரியவில்லை.

மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டார்.

"இவகூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"தங்கச்சிங்க."

"எங்க இருக்கா?"

"லைன்லங்க."

மறுபடியும் பூத்துக்கு ஓடினேன். ரூபியைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். சரசு ஆபீசில் கேட்டுவிட்டு வந்தார். "ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் லைன உட்டு யாரையும் அனுப்ப முடியாதுன்னுட்டாங்க சிஸ்டர். அந்தப் புள்ளைக்கும் மாத்திரை ஆரம்பிச்சாச்சுங்க. அக்காகாரி இல்லாத கொறைக்கு ரண்டு மெஷினு பாக்குது."

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ ரத்தம் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி பயந்ததில்லை. பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ரூபிக்கும் அம்மாவிடமிருந்து அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டில் ஒன்று என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த இரண்டில் எது என்று தெரியாமலேயே அவள் வாயில் தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் நேராகத் தையல் ஃப்ளோருக்குள் போனேன். ரூபி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் துணியைத் தள்ளினாள். இன்னொரு முழங்கையை வயிற்றில் அழுத்தி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வயிறு வலிக்குதா கண்ணு?"

"இல்ல சிஸ்டர்."

"ரூபி, பொய் சொல்லாத."

அவள் நிமிரவில்லை. மெஷின் சத்தத்தில் அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. "சொன்னா என்னையும் பைத்தியம்னுருவாவ சிஸ்டர். யக்கா வாரவரைக்கும் தாங்கிருவேன்."

மெஷின் சுவிட்சை நான் அணைத்தேன். விரட்டலைக் குறைக்கும் என்று டாக்டரம்மா கொடுத்தனுப்பியிருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து அங்கேயே குடிக்க வைத்தேன். அதற்குள், மேனேஜர், நீங்கள் வந்துவிட்டீர்கள். லைன் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. என்ன மாத்திரை என்று தெரிந்துவிட்டது, இவள் அக்கா சாகக் கிடக்கிறாள், இவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று சத்தமாகவே சொன்னேன்.

"எல்லாருக்குந்தான் குடுக்கறோம்" என்றீர்கள். "மத்தவளுக ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல. இவளுக குடும்பத்து ரத்தத்துல கோளாறு இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

"ரத்தத்துல இருக்கறது தூங்கிட்டுத்தானுங்க இருந்துச்சு. தட்டி எழுப்புனது யாரு? அந்தப் புள்ள செத்தா நீங்கதான் சார் காரணம்."

"வாட்ச்மேன்! இந்தம்மா கேட்டத் தாண்டுனா திரும்ப உள்ள உடாத."

வாட்ச்மேன் என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ரூபியைக் கையோடு பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். வெளியே தள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கேட்டுக்கு வெளியே அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, "சீக்கிரம் போங்க சிஸ்டர், எனக்கும் ரண்டு புள்ளைக இருக்குதுங்க" என்றார்.

கோயம்புத்தூரில் டாக்டரம்மா ரூபியைப் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார். அவளுடைய சிறுநீரையும் அதே ஜன்னலில் வைத்தார்கள். மறுநாள் காலையில் வெயில் வருவதற்காக நானும் அந்தப் பிள்ளையும் காத்திருந்தோம். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மறைத்துவைத்தால்தான் பயம் பெருகும் என்று நினைத்தேன். தெரிந்தால் பயம் குறையும் என்பதும் சரியில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த பாட்டிலையே பார்த்தாள்.

"மஞ்சளாத்தான இருக்கு சிஸ்டர்?"

"ஆமா கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "இப்பவும் மஞ்சத்தான?"

பாட்டில் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. அவளுக்கே தெரிந்தது. அம்மாவிடமிருந்து அவளுக்கும் வந்திருந்தது.

அவள் பிழைத்தாள். ஆரம்பத்திலேயே மாத்திரையை நிறுத்தியதாலும், அவள் பட்டினி கிடக்காததாலும், தப்பான ஊசி போடாததாலும் பிழைத்தாள். எஸ்தர் பிழைக்கவில்லை. அந்த நோய்க்கென்று இருக்கும் மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார். வருவதற்குள் அந்தப் பலவீனம் நெஞ்சுக்கு ஏறி மூச்சை நிறுத்திவிட்டது. கடைசியில் அவளுக்குப் புத்தி தெளிந்திருந்தது. குரல்கள் போய்விட்டன. "இப்ப மெஷினு சத்தம் மட்டுந்தான் கேக்கு" என்றாள். ஆஸ்பத்திரியில் ஏது மெஷின் என்று நான் கேட்கவில்லை. தங்கை சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

பிள்ளைகளே, பரம்பரை என்ற வார்த்தையை யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். பிறவியில் வருவது பாதிக் கதை. அதை எழுப்பியது எது என்று கேளுங்கள். பட்டினியா, தூக்கம் இல்லாததா, பிரசவமா, ஒரு மாத்திரையா? பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு உடம்பும் வேறு. தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் செய்யாதது நூறாவது பெண்ணின் மூளையைக் கலக்கும். அந்த நூறாவது பெண்ணுக்காகத்தான் உங்களுக்கு அந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் முன்னால் வருகிற பெண்ணிடம் உன் அம்மாவுக்கு என்ன இருந்தது, அத்தை சித்திக்கு என்ன இருந்தது என்று கேளுங்கள். மறைப்பார்கள். பைத்தியக்காரி மகள் என்ற பேருக்குப் பயந்து மறைப்பார்கள். அந்தப் பயம் தெளிகிற மாதிரி கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன், மேனேஜர்.

எஸ்தர் செத்ததோடு நீங்கள் விடவில்லை. போன வருஷம் ரூபிக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், நிட்டிங்கில் வேலை. அவன் வீட்டார் பழைய கம்பெனியில் விசாரிக்க வந்தபோது, "அந்தக் குடும்பத்துல பைத்தியம் பரம்பரைங்க, அக்காகாரி அதுலதான் செத்தா" என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் விளக்கினேன். "கம்பெனி மேனேஜரே சொல்லும்போது நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார்கள். ரூபிக்கு இப்போது தூக்கமும் பிடிக்கிறது, வேலையும் பிடிக்கிறது, சோறும் இறங்குகிறது. எந்த மருந்து ஆகாது என்று அவளுக்கு மனப்பாடம். ஆனால் யாராவது அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பயந்துவிடுகிறாள். கோபத்தில் சத்தமாகப் பேசிவிட்டால், "நான் நல்லாத்தான பேசுதேன் சிஸ்டர்?" என்று உடனே கேட்கிறாள். இந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நோய் இல்லை. நீங்கள் சொன்ன சொல்.

இப்போது நீங்கள் தொழிலாளர் நலப் பயிற்சி வகுப்பு எடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இதைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உங்கள் முன்னால் உட்கார்ந்து, பெண் தொழிலாளர் ஆரோக்கியம் என்று நீங்கள் பேசியதைக் கேட்டிருப்பார்கள். அடுத்த வகுப்பிலும் அவர்கள் வருவார்கள். நானும் வருவேன்.

அந்த வகுப்பில், மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தீட்டைத் தள்ளிப் போடும் ஹார்மோன் மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்க உத்தரவு போட்டது யார்? நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்டபோது ஏன் பொய் சொன்னீர்கள்? அக்கா சாகக் கிடக்கும்போது தங்கையின் வாயில் அதே மாத்திரையைப் போடச் சொன்னது யார்? இப்போது எந்தெந்த லைனில் யார் யாருக்கு அது போய்க்கொண்டிருக்கிறது?

தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். எஸ்தருக்குப் பைத்தியம் இல்லை என்று ஊர் கேட்கச் சொல்லுங்கள். அந்த மாப்பிள்ளை வீட்டாரையும் நான் கூட்டி வருகிறேன். சொல்லுங்கள், மேனேஜர்.